மூன்று வீடுகள், ஒரு பேரேடு

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, மதுரையில் நாங்கள் மூவர் ஒரே அறையில் பார்த்து வந்த கணக்கு வேலை மதுரை, திண்டுக்கல், விருதுநகர் என மூன்று வீடுகளுக்குப் பிரிந்தது. அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருள், அறைக்குள் கணினிகளை இணைக்கும் ஒரே லேன் இணைப்பில் ஓடியதால், ஒருவர் பதிந்த வவுச்சரை (கொடுக்கல் வாங்கல் பதிவை) மற்றவர் உடனே பார்க்க முடிந்தது. வீடுகளுக்கிடையே அந்த வசதி இல்லை.

டேலியின் டேட்டா கோப்புறையை மேகச் சேமிப்பில் (இணையவழிக் கோப்புச் சேமிப்பில்) வைத்து ஆளுக்கொரு கணினியில் திறந்துகொள்ளலாம் என்பதே பலரும் சொன்ன யோசனை. அதை நான் ஏற்கவில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கு ஒரே கோப்பில் இருப்பதில்லை. ஒரு வவுச்சரைச் சேமித்தால் ஒன்றையொன்று சார்ந்த பல கோப்புகள் மாறுகின்றன. மேகச் சேமிப்புக்கு அந்த உறவு தெரியாது. தனித்தனிக் கோப்புகளாகத்தான் ஏற்றி இறக்கும். இரண்டு வீடுகளில் ஒரே நேரத்தில் பதிவு நடந்தால், பாதி இங்கிருந்தும் பாதி அங்கிருந்தும் சேர்ந்து, திறக்க மறுக்கும் டேட்டா மிஞ்சலாம். திறந்துகொண்டு தவறான இருப்பைக் காட்டினால் அது இன்னும் மோசம்.

எனவே முதலில் அவரவர் வீட்டில் தனி டேலியில் பதிந்ததை, இன்னொரு டேலி படித்துக்கொள்ளும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, மதுரைக் கணினியில் மாலைதோறும் சேர்த்தோம். கொள்முதலையும் வங்கிப் பதிவையும் பிரித்துக்கொள்வது எளிது. விற்பனையை இருவர் பதியும்போதுதான் பில் எண்கள் மோதும். ஜிஎஸ்டி விதி 46 கேட்பது 16 எழுத்துகளுக்கு மிகாத, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராத தொடர் எண். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களையும் அந்த விதியே அனுமதிப்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முன்னெழுத்து கொடுத்தோம். லெட்ஜர், அதாவது ஒவ்வொரு கடைக்கும் திறக்கும் தனிக் கணக்குதான் அதிகம் படுத்தியது. ஒரே கடையை ஒருவர் ‘முருகன் ஸ்டோர்’ என்றும் இன்னொருவர் ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்’ என்றும் திறந்தால், பாக்கி இரண்டாகப் பிரிந்து நிற்கும். அதனால் புதிய லெட்ஜரை மதுரையில் மட்டுமே திறப்பது, அதை மற்ற வீடுகளுக்கு அனுப்பிய பிறகே வவுச்சர் பதிவது என்று கட்டுப்பாடு வைத்தோம்.

இது நடந்தது, ஆனால் மூன்று உரிமங்களின் செலவும் மாலைநேரச் சரிபார்ப்பும் சிறு வேலையல்ல. பின்னர் டேட்டாவை மதுரையிலேயே நிறுத்திவிட்டு, விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக, தொலைவிலிருந்தே அந்தக் கணினியின் திரையில் வேலை செய்யும் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வரும் ஏற்பாட்டுக்கு மாறினோம். விபிஎன் இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப்பின் நுழைவாயிலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைப்பது, கடைச் சாவியைக் கதவிலேயே விட்டுப் போவதற்குச் சமம். இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வர் இன்னும் வசதிதான். சிறு கடைகள் தரும் கட்டணத்தில் அது கட்டுப்படியாகாது.

மதுரை வீட்டுக் கணினியில் உள்ள விண்டோஸ் ப்ரோ ஒரு நேரத்தில் ஒருவரையே வேலை செய்ய விடும். வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால், கணினி முன் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஆகவே காலை விருதுநகருக்கு, பிற்பகல் திண்டுக்கல்லுக்கு என முறை வைத்திருக்கிறோம். ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனை விவரத் தாக்கலுக்குரிய 11ஆம் தேதி நெருங்கும்போது இந்த முறை செல்லாது. தாக்கல் செய்பவருக்கே கணினி, வங்கிப் பதிவு இரவுக்குத் தள்ளிப்போகும்.