சிடிசியிலிருந்து ஆர்த்தடாக்ஸுக்கு: குளிர்காலக் குறிப்புகள்

ஜனவரி 5, கோத்தகிரி

விடியற்காலையில் டீ ஃபேக்டரி வாசல் புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி விழ ஆரம்பித்தால் கொழுந்து வரத்து இறங்கிவிடும். வேலை கம்மியான இந்த நாட்களில்தான் புதுப் பிரிவை ஓட்டிப் பழக வேண்டும் என்று மேனேஜர் மேடம் தேதி குறித்திருக்கிறார். இத்தனை வருடம் சிடிசி, அதாவது இலையை வெட்டி நொறுக்கிச் செய்யும் டீத்தூள், மட்டுமே போட்ட இடம். இனி ஒரு பகுதி ஆர்த்தடாக்ஸ்: இலையை வெட்டி நொறுக்காமல் ரோலரில் முறுக்கி எடுப்பது.

இன்று கூட்டம். லாபம், ஏற்றுமதி என்று தொடங்குவார் என நினைத்தேன். அவர் எடுத்த எடுப்பிலேயே, "ஓவர்டைம் குறையும். அதை மறைச்சுப் பேச எனக்கு இஷ்டமில்லை. யாரையும் வேலையை விட்டு அனுப்பப் போறதில்லை, ஆனா ரெண்டு பேர் சல்லடைப் பக்கம் மாற வேண்டி வரும். ஓவர்டைம் எவ்வளவு குறையும்னு இப்போ கணக்கு இல்லை. 20ஆம் தேதி சொல்றேன்" என்றார்.

பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் நேரத்தை மாற்றியபோது நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள், அவ்வளவுதான். கேள்வி கேட்கக்கூட ஆள் இல்லை. அந்த மாதமே நல்ல கைகாரர்கள் நாலு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போனது ஷிப்ட் நேரத்துக்காக இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

ஜனவரி 9

மகளின் எம்பிஏ பாடத்தில் ஒரு ஆய்வு. இரவு சாப்பாடு ஆறிப்போகும் வரை படித்தேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் கம்பெனி. கோச், ஃப்ரெஞ்ச் என்ற இருவர் அங்கே செய்த சோதனை 1948இல் வெளிவந்தது. வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு குழுவிடம் "இனிமேல் இப்படி" என்று விளக்கிச் சொன்னதோடு சரி. இன்னொரு குழுவில் சில பிரதிநிதிகளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். வேறு இரண்டு குழுக்களில் எல்லோரையும் உட்கார வைத்து, வேலையை எப்படி மாற்றலாம் என்று அவர்களையே யோசிக்கச் சொன்னார்கள். சொல்லிவிட்டு மட்டும் போன குழுவில் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். எல்லோரும் கலந்துகொண்ட குழுக்களோ சீக்கிரமே பழைய அளவைப் பிடித்து, அதைத் தாண்டியும் போயின.

நான்கு குழுவுக்கும் கம்பெனி ஒன்றுதான், மாற்றத்தின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டார்களா, கேட்கவில்லையா என்பதில் வந்த வித்தியாசம். மகள் இதைத் தேர்வுக்காகப் படிக்கிறாள். எனக்கு அந்த நாலு பேரின் முகம் வந்து போனது.

ஜனவரி 15

பொங்கல். ஃபேக்டரி லீவு.

ஜனவரி 20

சொன்ன தேதியில் மேடம் வந்தார். கணக்கு நல்ல செய்தி இல்லை. மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் பாதிக்கு மேல் போகும். டிரையர் பக்கத்துத் தம்பி ஒருவர் குரலை உயர்த்திவிட்டார், வீட்டுக் கடன் இருக்கிறது. மேடம் குறுக்கே பேசவில்லை, கடைசி வரை கேட்டார். அப்புறம், இருக்கிற ஓவர்டைமை யாருக்கு எப்படிப் பிரிப்பது என்று நீங்களே பேசி முடிவெடுங்கள் என்று பட்டியலை எங்கள் கையில் கொடுத்தார். இரண்டு மணி நேரம் சண்டை. முடிவான பட்டியலில் அந்தத் தம்பியின் பெயர் முதலில் இருந்தது.

ஜனவரி 27

முதல் பெரிய லாட் வீணாகிவிட்டது. காரணம் நான்.

சிடிசிக்கு இலையில் 70 சதவீத ஈரம் இருந்தாலும் ஓட்டிவிடலாம். ஆர்த்தடாக்ஸுக்கு இன்னும் வாட வேண்டும், 60ஐ ஒட்டியாவது இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ரோலரில் இலை முறுக்கிக்கொள்ளாமல் உடையும், சாறு வெளியே ஒழுகும். ராத்திரி ஷிப்டில் ஒரு அண்ணன் இருக்கிறார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அவர் அப்பா அங்கே ஃபேக்டரி மாடியில் இலை வாட்டியவர். அண்ணன் ஒரு பிடி இலையை உள்ளங்கையில் இறுக்கித் திறந்து காட்டினார். இலை உடனே விரிந்துகொண்டது. "இன்னும் வாடலை தம்பி. பதமா வாடினா பிடிச்ச பிடியிலேயே நிக்கும்."

எனக்கு லாரி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "பரவாயில்லைண்ணே, ஓட்டுங்க" என்றேன்.

காலையில் மேடம் வந்து உடைந்த இலையைத் தட்டில் பரப்பிப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் சொன்னார்: "லாரிக்கு நேரம் குறிச்சது நான். அவசரம் என்கிட்ட இருந்து வந்தது." என் பெயரை எடுக்கவே இல்லை. அந்த நிமிடம் எனக்குத் திட்டு வாங்கியதைவிடக் கனமாக இருந்தது. நானே எழுந்து, அண்ணன் எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு வந்தது.

இன்று முதல் ஒரு ஏற்பாடு. இலை பதமில்லை என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் ரோலரை நிறுத்தலாம், சூப்பர்வைசரைக் கேட்க வேண்டியதில்லை. அண்ணன் எல்லோருக்கும் கையில் பிடித்துக் காட்டிக் கற்றுத்தருகிறார்.

பிப்ரவரி 4

எட்டு நாள் ஆகியும் யாரும் நிறுத்தவில்லை. இலை நன்றாக இருந்ததா, பயமா? தெரியவில்லை. மேடமும் இதையேதான் கேட்டார்.

பிப்ரவரி 6

அதிகாலை மூன்று மணி. டிரையர் தம்பிதான் ரோலரை நிறுத்தினார். ஓடிப்போய் ஒரு பிடி இறுக்கிப் பார்த்தேன், அப்படியே நின்றது. இலை சரியாகத்தான் வாடியிருந்தது. அரை மணி நேரம் போயிற்று.

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற ஆறு பேரும்தான். "நல்லது தம்பி, சந்தேகம் வந்தா இப்படித்தான் நிறுத்தணும்" என்றேன். பதிவேட்டில் நேரத்தையும் அவர் பெயரையும் எழுதி, பக்கத்தில் 'சரியான காரியம்' என்று குறித்துவிட்டு ரோலரை ஓட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 8

நேற்று ராத்திரி இரண்டு பேர் நிறுத்தினார்கள். ஒரு தடவை இலை உண்மையிலேயே பச்சை.