மலை எழுந்ததா, தரை இறங்கியதா?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள போரா சிகரத்தை இன்று சாட்டிலைட் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிவாரத்தில் மெல்லிய வெளிர்கோடு ஒன்று.

1983 அக்டோபர் 28-ல் வந்த 6.9 நிலநடுக்கம் கிழித்த கோடு அது.

அன்று மலை உயர்ந்தது கொஞ்சம்தான். பள்ளத்தாக்குதான் அடிக்கணக்கில் இறங்கியது! பூமியின் மேலோட்டுத் தட்டுகள் மோதித்தான் மலை வரும் என்றில்லை. நிலம் இழுபட்டு விரிகிற இடத்திலும் வரும்.

அதைவிட அழகு, தண்ணீர் செய்யும் வேலை.

ஓடைகள் மலைமுகத்தை அறுத்து இறங்க, இடையிடையே முக்கோணச் சரிவுகள் வரிசையாக மிஞ்சுகின்றன. அரித்த மண்ணும் கல்லும் பள்ளத்தாக்கில் குவிந்து அதை மேலும் அழுத்துகின்றன. பாரம் இறங்கிய மலையோ மெல்ல மேலே வருகிறது.

மொத்த மலையின் சராசரி உயரம் குறையும்தான். ஆனால் ஓடைகள் எட்டாத சிகரம் மட்டும், அரிப்பாலேயே இன்னும் உயரலாம்.