பீர் தெளிந்தது, மறுபடி கலங்கியது

வீட்டில் மூன்றாவது முறை காய்ச்சிய 19 லிட்டர் பேல் ஏல், அதாவது பொன்னிற பீர். பாட்டிலில் அடைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது, டம்ளருக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினால் கழுநீர் மாதிரி இருக்கிறது.

பாட்டிலை ஆட்டிவிட்டேனோ, ஈஸ்ட் எழும்பிவிட்டதோ என்று பார்த்தேன். அடிமண்டி ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. எரிச்சலில் டம்ளரை மேசையிலேயே வைத்துவிட்டு வேறு வேலையாகப் போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் பீர் தெளிந்து கிடக்கிறது, ஆனால் டம்ளர் அடியில் ஒரு பொட்டு வண்டல்கூட இல்லை. அப்புறம்தான் பிடிபட்டது, இது குளிரினால் வரும் கலங்கல். மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) புரதமும், மால்ட் உமியிலும் ஹாப்ஸிலும் (கசப்புக்குப் போடும் பூ) இருக்கிற துவர்ப்புப் பொருளான பாலிபீனாலும் குளிர்ந்தால் கோத்துக்கொள்ளும், 20 டிகிரி வாக்கில் சூடேறினால் பிரிந்துவிடும். சுவைக்கு ஒன்றும் ஆகாது. சூடேறியும் தெளியவில்லை என்றால்தான் ஈஸ்ட்டா, ஸ்டார்ச்சா, கிருமியா என்று தேட வேண்டும். சந்தேகத்துக்கு ஒரு கரண்டி பீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டேன், நீலக் கறுப்பு வரவில்லை, அதனால் ஸ்டார்ச் இல்லை. (அந்தக் கரண்டியைக் கொட்டிவிடுங்கள், குடிக்காதீர்கள்.)

நான்காவது முறை கொதியின் கடைசி 10 நிமிடத்தில் ஒரு தேக்கரண்டி ஐரிஷ் மாஸ் போட்டேன், அது ஒரு கடற்பாசி. நொதித்து முடிந்ததும் பீர் இருக்கும் வாளியை 2 டிகிரியில் இரண்டு நாள் வைத்து, பிறகு ஜெலட்டின். ஒரு தேக்கரண்டியை அரை டம்ளர் பச்சைத்தண்ணீரில் ஊறவிட்டு, 65 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் ஊற்ற வேண்டும். பீர் முதலில் குளிர்ந்திருக்க வேண்டும், கலங்கல் உருவானால்தானே ஜெலட்டின் அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்! இரண்டாவது முறை அவசரப்பட்டு வெதுவெதுப்பான பீரில் ஊற்றி வீணாக்கியவன் நான். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது, சைவக்காரர்கள் இதைத் தொட வேண்டாம்.

மூன்றாம் நாள் டம்ளருக்குப் பின்னால் வைத்த பொடி எழுத்தைப் படிக்க முடிந்தது. சந்தோஷம் மூன்று வாரம்தான். பொன்னிறமாக இருந்தது மெல்ல மெல்ல டீ டிகாஷன் நிறத்துக்குப் போனது, நனைந்த அட்டைப்பெட்டி வாசனையும் சேர்ந்துகொண்டது. தெளிவு மட்டும் அப்படியே, அதுதான் வேடிக்கை. காரணம் ஆக்சிஜன். குளிர்விக்கும்போது வாளிக்குள் இருக்கும் வாயு சுருங்கி, ஏர்லாக்கில் (வாயு வெளியேறவும் வெளிக்காற்று நுழையாமலும் மூடியில் மாட்டும் தண்ணீர் அடைப்பு) இருந்த தண்ணீரையும் பின்னாலேயே வெளிக்காற்றையும் உள்ளே இழுத்திருக்கிறது. மறுநாள் காலையில் ஏர்லாக் வறண்டு கிடந்ததைப் பார்த்தும், ஆவியாகியிருக்கும் என்று தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனேன். பாட்டிலில் அடைத்த பிறகு இதற்கு வைத்தியம் கிடையாது, ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் குடித்துத் தீர்க்க வேண்டியதுதான். ஒரே ஒரு பாட்டிலில் கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையமும் லேசான புளிப்பும் இருந்தன, அது கிருமி வேலை. மற்றதில் எதிலும் இல்லை, அந்தப் பாட்டிலை நான் சரியாகக் கழுவவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஐந்தாவது முறை காய்ச்சியது குளிரில் இருக்கிறது. நொதிக்கும்போதே வெளிவந்த வாயுவை (கார்பன் டை ஆக்சைடு) பலூனில் பிடித்து, காற்றுக்குப் பதில் அதுவே உள்ளே போகட்டும் என்று, ஏர்லாக் இருந்த துளையில் மாட்டியிருக்கிறேன். நேற்று உப்பலாக இருந்த பலூன் இன்று பாதியாகிவிட்டது, அந்த அளவுக்குக் காற்று போன தடவை உள்ளே போயிருக்கிறது. ஜெலட்டின் ஊற்ற மூடியைத் திறக்க மனசு வரவில்லை, ஐரிஷ் மாஸ் மட்டும் எவ்வளவு தூரம் தெளிய வைக்கிறது என்று பார்க்கலாம்.