டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் எங்கே?

மூணாறில் கோவிலூர் பஸ் ஏறும்போதே மாமா எச்சரித்துவிட்டார். “மாப்பிள்ளை, அங்கே பனிமூட்டம்தான் இருக்கும். டிக்கெட் காசுக்குக் குளிர்தான் மிச்சம்.” தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். மலையைப் பற்றி அவர் நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாட்டுப்பட்டி, குண்டளை தாண்டி டாப் ஸ்டேஷனில் இறங்கினோம். கேரளத்து பஸ்ஸில் வந்து இறங்கிய இடம் தமிழ்நாடு. தேனி மாவட்டம், கொட்டகுடி ஊராட்சி. ஆனால் வண்டியில் வர வேண்டுமென்றால் மூணாறு வழியாகத்தான் வர முடியும். போடிக்காரர்கள் குரங்கணியிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும்.

வந்தவர்கள் எல்லோரும் காட்சிமுனைக்குக் கிளம்பினார்கள். பனியில் பள்ளத்தாக்கு தெரியவில்லை. செல்ஃபி மட்டும் குறையவில்லை. நான் தேடி வந்தது வேறு. ‘ஸ்டேஷன்’ என்று பெயர் இருந்தால் ஸ்டேஷன் ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா?

இருந்தது. 1902இல் மூணாறிலிருந்து இங்கு வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும். கவிழாமல் இருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் ஓடும். இழுத்தவை மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று அதற்குப் பெயர். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன். இங்கு வந்து சேர்ந்த தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி.

இதில் ஒரு வேடிக்கை. போடிக்கு ரயில் வந்ததே 1928இல்தான். மலைமேல் ரயில் ஓடிய காலத்தில் அடிவாரத்தில் ரயில் கிடையாது. அடிவாரத்துக்கு ரயில் வந்தபோது மலைமேல் இருந்தது போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

காரணம் 1924 ஜூலை மழை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகளுக்கு அது ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’. தண்டவாளம், பாலங்கள் எல்லாம் போயின. மாங்குளம் வழியாக ஆலுவாய்க்குப் போன பழைய சாலையும் அதோடு அழிந்தது. மாமாவின் பாட்டி யாருடைய வயதைச் சொன்னாலும் ‘வெள்ளத்துக்கு முந்தி’, ‘வெள்ளத்துக்குப் பிந்தி’ என்றுதான் சொல்வாராம்.

ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால் மாமா கூட்டிப்போனார். இடுப்புயரக் கல்மேடை, பாதி பாசி. மேலே கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புத் தண்டு. துரு ஏறி, தொட்டால் பொடி உதிர்ந்தது. “ரோப்வே இங்கேதான் நின்றது என்று அப்பா காட்டியிருக்கிறார்” என்றார். அந்தத் தண்டிலிருந்து எதிர்மரத்துக்குக் கயிறு கட்டி யாரோ வேட்டி காயப்போட்டிருந்தார்கள். விளக்கப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

மூணாறு ஸ்டேஷன் கட்டடத்துக்கு விதி கொஞ்சம் நல்லது. தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகப் பிழைத்துக்கொண்டது. நல்லதண்ணி தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த எஞ்சினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. அங்கேயே 1913இல் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்த கருங்கல் சூரியக் கடிகாரமும் உண்டு, போனால் விட்டுவிடாதீர்கள். ரயிலைத் திரும்ப ஓடவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். எனக்கு அதில் ஆசையில்லை. இருக்கும் கல்லைப் பெயர்க்காமல், பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் நான்கு வரி எழுதி வைத்தால் போதும்.

மதியத்துக்கு மேல் வட்டவடைப் பக்கம் பஸ்ஸில் போய் வந்தோம். வழியில் பாம்பாடும்சோலை தேசியப் பூங்கா. கொடைக்கானலுக்குப் போன பழைய சாலை அதனுள்ளேதான் பிரிகிறது. இப்போது பொதுப் போக்குவரத்து கிடையாது. தார் வெடித்த இடங்களில் புல் முளைத்திருக்கிறது. அந்தச் சாலை அப்படியே கிடப்பதில் எனக்கு வருத்தமில்லை. சோலைக்கு நல்லதுதான்.

திரும்பி வந்து பஸ்ஸுக்காக நின்றபோது கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், “ஐயா, டாப் ஸ்டேஷன் என்கிறார்களே, ஸ்டேஷன் எங்கே?” என்று மாமாவிடம் கேட்டான்.

மாமா கடைக்குப் பின்னால் கை காட்டினார். “வேட்டி காய்கிறதே தம்பி, அதுதான்.”