லேத் வந்தாச்சு, இனி உளிகள்

ஜூன் 7
மரம் கடையும் லேத்தை மேசையில் பூட்டி முடித்தாயிற்று. எட்டு உளி அடங்கிய செட் ஒன்று கண்ணை இழுக்கிறது, ஆனால் வாங்கப் போவதில்லை. செட்டில் பாதி உளிகள் சும்மாதான் கிடக்கும். முதலில் நான் கடைய நினைப்பது கைப்பிடிகள், மெழுகுவர்த்தித் தாங்கிகள். இந்த வேலையில் மரத்தின் நார் லேத்தின் நீளவாக்கிலேயே ஓடும். கிண்ணம் கடையும்போது நார் குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நாரின் அறுத்த முனை உளிக்கு எதிரே வரும். அதற்கான உளிகளே வேறு.

ஜூன் 9
பட்டியல் நான்கில் நின்றது. சதுரக் கட்டையை உருளையாக்க 3/4 அங்குல ரஃபிங் கவுஜ் (கவுஜ் என்றால் நடுவில் பள்ளம் ஓடும் உளி). வளைவு, குழிவுகளுக்கு 3/8 அங்குல ஸ்பிண்டில் கவுஜ். அளவு குறிக்கவும் வெட்டி எடுக்கவும் 1/8 அங்குல பார்ட்டிங் டூல். அப்புறம் ஒரு ஸ்கியூ, அதாவது விளிம்பு சாய்வாக இருக்கும் தட்டை உளி. ஸ்கியூ மரத்தில் சட்டென்று கொத்திக்கொள்ளும் என்று பலர் தள்ளி வைக்கிறார்கள். ஆனால் அது சீவிய பரப்பில் உப்புத்தாளுக்கு வேலையே இருக்காது. எனக்கு அது வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ரஃபிங் கவுஜை கிண்ணத்தில் வைக்கவே கூடாது. பல ரஃபிங் கவுஜ்களில் கைப்பிடிக்குள் போகும் வால்பகுதி மெல்லிய பட்டைதான். உளி கொத்திக்கொண்டால் அந்த இடத்திலேயே முறிந்து முகத்துக்கு வரும்.

ஜூன் 13
உளிக்கு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) இரும்புதான், சந்தேகமில்லை. கார்பன் ஸ்டீல் சாணையில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். எச்எஸ்எஸ் அந்தச் சூட்டைத் தாங்கும்.

கார்பைடு முனை உளிகளையும் பார்த்தேன். சாணை பிடிக்க வேண்டாம், முனை மழுங்கினால் திருப்பிப் போட்டால் போதும். நல்ல வசதிதான். ஆனால் பெரும்பாலும் அவை மரத்தைச் சுரண்டுகின்றன, சீவுவதில்லை. நான் சீவக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 20
உளிக்குச் சாணை பிடிக்கும் கிரைண்டர்தான் உண்மையில் முதல் உளி. கையிலிருந்த பணத்தில் பெரும்பங்கு அதற்கே போனது, வருத்தமில்லை. 8 அங்குலக் கல், மெதுவாகச் சுற்றுவது, கோணம் மாறாமல் உளியைப் பிடிக்க ஒரு ஜிக். ரஃபிங் கவுஜுக்கு 45 டிகிரி, ஸ்பிண்டில் கவுஜுக்கு 40.

உளியின் சாய்முகம் (விளிம்பை ஒட்டிச் சாய்வாகத் தீட்டிய பகுதி) முழுக்க மார்க்கர் மை பூசி, கல்லைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். விளிம்போரம் மட்டும் மை போயிருந்தால் கோணம் அதிகம். அடிப்பக்கம் மட்டும் போயிருந்தால் குறைவு. சாய்முகம் முழுக்க ஒரே சீராகப் போகும்வரை ஜிக்கை நகர்த்திவிட்டு, அதன் பிறகே சுவிட்சைப் போட்டேன்.

ஜூன் 28
முகக்கவசம் போட்டு, வேகத்தைக் குறைத்து வைத்து, ரஃபிங் கவுஜ். உளியை முதலில் லேத்தின் உளித்தாங்கியில் அமர்த்தி, சாய்முகம் மரத்தில் உரச விட்டு, கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் சீவல் சுருளாக வரத் தொடங்குகிறது. தூள் பறந்தால் கூர் போய்விட்டது, சாணைக்குப் போக வேண்டும்.

ஜூலை 2
கிண்ணம் கடையும் பவுல் கவுஜ் வாங்க இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு குறிப்பு மட்டும்: பிரிட்டனில் அதன் அளவைப் பள்ளத்தின் அகலத்தை வைத்துச் சொல்கிறார்கள், அமெரிக்காவில் தண்டின் விட்டத்தை வைத்து. பிரிட்டனில் 3/8 அங்குலம் என்பது அமெரிக்காவில் 1/2 ஆகிவிடும். ஆர்டர் போடும்முன் தண்டின் விட்டம் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.