படிவம் 7 வாங்க நான்கு மாதம் அலைந்த கதை

எங்கள் ஊரில் மாலைநேர டியூஷன் மையம் நடத்தும் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனபோது, பொருளாளராக இருந்த பெரியவர் காலமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. செக்கில் அவர் கையெழுத்து வேண்டும். சங்க நிர்வாகிகள் மாறியதைத் தெரிவிக்கும் படிவம் 7, மாவட்டப் பதிவாளர் கோப்பில் ஏறி, அதன் சான்றிட்ட நகல் வராமல் கையெழுத்தை மாற்ற முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். கணக்கில் பணம் இருந்தும் டீச்சருக்குச் சம்பளம் போகவில்லை.

படிவத்தை நிரப்ப அரைமணி நேரம்தான் ஆனது. பதிவாளர் அலுவலகம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். முதல் நாள் அந்தப் பிரிவில் ஆளே இல்லை. அடுத்த முறை எழுத்தர் ஒன்றே ஒன்று கேட்டார்: “கடைசியா எந்த வருஷக் கணக்கு தாக்கல் பண்ணீங்க?” நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்கு அங்கே போயிருக்க வேண்டும். நான்கு வருடம் போகவில்லை. ஆடிட்டர் முடித்துக் கொடுத்தது எல்லாம் பழைய செயலாளர் வீட்டு பீரோவில் கிடந்தது. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்றே நாங்கள் எல்லோரும் இருந்துவிட்டோம்.

தாமதக் கட்டணத்தோடு அந்தக் கணக்குகளைத் தாக்கல் செய்துவிட்டுப் போனால், கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகத்தைக் கேட்டார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். மேலே “தீர்மானம் 4” என்று இருக்கிறது. கீழே முக்கால் பக்கம் வெறுமை. அடியில் பதினொரு பேர் கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது.

“இதுல நாளைக்கு யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் எழுதிக்கலாமே சார்” என்றார். எனக்குக் கைகால் சில்லிட்டது. சங்கத்துக்கு மூன்று சென்ட் இடம் இருக்கிறது. அதை விற்பதாகக்கூட அங்கே எழுதியிருக்கலாம்.

இதையெல்லாம் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு நடைக்கு ஒரு குறை என்று சொல்லி ஆறு முறை அலையவிட்டதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் போனால் மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். குறை எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள். நான் அப்படிச் செய்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. எங்கள் பழைய குழு ஐந்தாவது வருடத்தில் இருந்தது. ஆகவே பொதுக்குழுவை முறையாக மறுபடி கூட்டினோம். எங்கள் பைலாவில் (சங்க விதிகளில்) உள்ளபடி 21 நாள் முன்பே அழைப்பு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். அந்தத் தாள்தான் கடைசியில் காப்பாற்றியது.

நகல் கைக்கு வந்த மறுநாள் வங்கி வேலை முடிந்தது. முதல் செக் டீச்சருக்கு, ஆறு மாதச் சம்பளம். வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் நிரப்பிய பிறகுதான் அவரிடம் பேனாவைக் கொடுத்தேன்.