அறுபது கதவுக்கு ஒரு கார்டு

லண்டனின் தெற்குப் பக்கம் ஓடிய பழைய மின்சார ரயில்களை 'ஸ்லாம்டோர்' என்றுதான் சொல்வோம். பயணிகளே கையால் திறந்து, படாரென்று அறைந்து சாத்தும் கதவுகள். நான் ரயில் கார்டாகப் போனது பெரும்பாலும் 'வெப்' என்ற நான்கு பெட்டி வண்டிகளில். 1967-இல் ஓடத் தொடங்கிய வகை. இருக்கை வரிசைக்கு வரிசை வெளிக்கதவு உண்டு. நான்கு பெட்டி சேர்ந்தது ஒரு செட். இரண்டு செட் சேர்த்து எட்டுப் பெட்டி என்றால், ஒரு பக்கம் மட்டும் அறுபது கதவுக்குக் குறையாது.

இதன் லாபம் காலையில் லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் தெரியும். வண்டி நிற்பதற்குள் பாதிக் கதவுகள் விரிந்துவிடும். மூச்சு விடுவதற்குள் பெட்டி காலி. பிளாட்பார ஓரமாக நிற்பவர் பாடுதான் திண்டாட்டம்.

இந்தக் கதவுகளைப் பூட்டவோ திறக்கவோ டிரைவரிடமும் எதுவும் இல்லை, என்னிடமும் இல்லை. கண் ஒன்றுதான். ஒழுங்காகச் சாத்திய கதவின் வெளிக் கைப்பிடி கிடையாக நிற்கும். அரைகுறையாகச் சாத்தினால் முதல் கொக்கியில் மட்டும் மாட்டிக்கொண்டு, கதவு விரற்கடை அளவு துருத்தும், கைப்பிடியும் லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைத்தான் தேட வேண்டும், மழையிலும் இருட்டிலும். கிளாப்ஹாம் ஜங்ஷன் போல வளைந்த பிளாட்பாரத்தில் வண்டியின் கோடி தெரியாது. பிளாட்பார ஊழியர் கை காட்டினால்தான் உண்டு. அப்புறம்தான் கிளம்பலாம் என்று டிரைவருக்கு இரண்டு முறை மணி அடிப்பேன். ஒரே ஒரு முறை அடித்தால் நில் என்று அர்த்தம்.

செட்டுகளைப் பிரித்துச் சேர்ப்பது மட்டும் சுலபம். கேபிளும் காற்றுக் குழாயும் இடுப்பு உயரத்தில் இருக்கும். யோசித்துச் செய்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மின்சாரம் பக்கத்திலேயே தரையோடு ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில், 750 வோல்ட். ஜங்ஷன்களில் அந்தத் தண்டவாளம் விட்டு விட்டுத்தான் வரும். சின்ன வண்டி மெதுவாகப் போய், அந்தத் தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் 'ஷூ'க்கள் எல்லாமே இடைவெளியில் மாட்டினால், போச்சு, இன்னொரு வண்டி வந்து தள்ள வேண்டியதுதான். உறைபனி பிடித்த காலையில் ஷூவுக்கடியில் நீலப் பொறி பறக்கும். வேடிக்கை பார்க்க அழகு, டிரைவருக்குத் தலைவலி.

ரயில் ரசிகர்கள் இந்த வண்டிகளை நினைத்து உருகுவார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. ஓடும் வண்டியில் யார் வேண்டுமானாலும் கதவைத் திறக்கலாம் என்பதை எந்த அழகும் ஈடுகட்டாது. 2005-இல் பெரிய பாதைகளிலிருந்து இவை போய்விட்டன. லிமிங்டன் கிளைப் பாதையில் மட்டும் இதே குடும்பத்து வண்டிகள் இரண்டு 2010 வரை ஓடின, அதுவும் எல்லாக் கதவுகளையும் ஒரே இடத்திலிருந்து பூட்டும் வசதி வைத்த பிறகு.